மாத்திரையையும் விடாதீர்கள், வேலையையும் விடாதீர்கள்

குடும்ப நலத் துண்டு வெளியீடு
பொருள்: நீண்ட நாள் நோயும் வேலை இடத்து நெருக்கடியும்



திருநின்றவூர், வேப்பம்பட்டு, நேமம், குத்தம்பாக்கம், வெள்ளவேடு போன்ற ஊர்களிலிருந்து தினமும் விடிவதற்குள் எத்தனையோ பேர் ரயிலிலும் பஸ்ஸிலும் கம்பெனி வேனிலும் வேலைக்குக் கிளம்புகிறார்கள். 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறைகள் உண்டு, இரும்பு வார்க்கும் ஆலைகள் உண்டு, ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனிகளும் உண்டு. ஆவடிப் பக்கமும் திருமழிசைப் பக்கமும் இதே கதைதான். ஒரு காலத்தில் ஏரித் தண்ணீரை நம்பி இருந்த குடும்பங்கள் இன்று மாதச் சம்பளத்தை நம்பி இருக்கின்றன.

அப்படிச் சம்பளம் கொண்டு வருகிறவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல். சாயங்காலமானால் காய்ச்சல். பசி இல்லை, உடம்பு இளைக்கிறது. சளியைச் சோதித்துப் பார்த்தால் காசநோய், அதாவது டி.பி. என்று தெரிகிறது. "ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும், இப்போதைக்கு வேலைக்குப் போக வேண்டாம்" என்கிறார் டாக்டர். ஆனால் கம்பெனியிலிருந்து வரும் போன் வேறு சொல்கிறது: "எப்பப்பா வர்றே? ஆர்டர் நிக்குது. திங்கட்கிழமை வரலேன்னா வேற ஆள் போட்டுடுவோம்."

இந்த இரண்டு குரலுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, பாதி மருந்திலேயே வேலைக்குத் திரும்பி, நோயை முற்றவிட்டவர்கள் உண்டு. பயந்துபோய் எதுவும் சொல்லாமல் வீட்டிலேயே இருந்து வேலையை இழந்தவர்களும் உண்டு. இரண்டுமே தேவையில்லாத நஷ்டம். மருந்தை முழுதாகச் சாப்பிடுங்கள். லீவுக்கான சீட்டை நாள் தவறாமல் கொடுங்கள். இரண்டையும் கணவனும் மனைவியும் சேர்ந்து செய்தால் உயிரும் தப்பும், பிழைப்பும் தப்பும். அதற்கான வழியை இந்த வெளியீட்டில் காண்போம்.

நோய் எப்படிப்பட்டது?

காசநோய் ஒரு கிருமியால் வருவது. பரம்பரை நோயல்ல, பாவத்தின் பலனுமல்ல. நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் கிருமி காற்றில் கலக்கிறது. தட்டு, டம்ளர், துணி, கை குலுக்கல் இவற்றால் பரவாது. முதுகெலும்பு, கழுத்துக் கட்டி போன்ற இடங்களில் மட்டும் வரும் காசநோய் பொதுவாக மற்றவருக்குத் தொற்றாது.

சாதாரண வகைக்கு ஆறு மாத மருந்து. முதல் இரண்டு மாதம் நான்கு வகை மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று வகை மருந்து. தினமும் சாப்பிட வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களில் பிறருக்குத் தொற்றும் அபாயம் வெகுவாகக் குறைந்துவிடும். அதுவரை வாயை மூடி இருமுவதும், காற்றோட்டமான இடத்தில் படுப்பதும் போதும்.

இரண்டாம் மாதத்தில் காத்திருக்கும் ஆபத்து

மருந்து தொடங்கி ஒன்றரை, இரண்டு மாதத்தில் காய்ச்சல் நின்றுவிடும். பசி எடுக்கும். எடை கூடும். "நமக்குத்தான் சரியாயிடுச்சே" என்று தோன்றும். கம்பெனி நெருக்குவதும் பெரும்பாலும் இந்தச் சமயத்தில்தான். நோயாளிக்கே வேலைக்கு ஓடிவிட வேண்டும் என்றிருக்கும்.

வயலில் களை எடுத்ததை நினைத்துப் பாருங்கள். மேலே தெரிகிற களையைப் பிடுங்கிவிட்டால் வயல் சுத்தமாகத்தான் தெரியும். மண்ணுக்குள் கிழங்கு இருந்தால் அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும். உடம்பிலும் அப்படித்தான். வேகமாகப் பெருகும் கிருமிகள் முதல் வாரங்களிலேயே செத்துவிடும். மந்தமாகக் கிடக்கும் கொஞ்சம் கிருமிகளைக் கொல்லத்தான் மீதி மாதங்களின் மருந்து. இடையில் நிறுத்தினால் அவை மறுபடி கிளம்பும். மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறக்கூடும். அப்புறம் வேறு மருந்து வேண்டும், பக்கவிளைவும் அதிகம், வீட்டில் உள்ளவர்களுக்கும் அதே அடங்காத கிருமி தொற்றும்.

வேலைக்குத் திரும்புவது வேறு, மருந்தை நிறுத்துவது வேறு. ஆறு மாதமும் வீட்டில் படுத்திருக்க வேண்டும் என்பதில்லை. பலர் டாக்டர் அனுமதியோடு அதற்கு முன்பே வேலைக்குப் போகிறார்கள். ஆனால் போகிற நாளை டாக்டர் முடிவு செய்ய வேண்டும், போன் செய்கிற சூப்பர்வைசர் அல்ல. வேலைக்குப் போன பிறகும் மருந்து கடைசி நாள் வரை தொடர வேண்டும்.

வீட்டிலேயே குணமாகும்: சென்னை உலகத்துக்குக் காட்டிய வழி

"டி.பி.யா? தாம்பரம் சானடோரியத்துக்கு அனுப்பு" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 1928-ல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் அந்தச் சானடோரியத்தைத் தொடங்கியபோது இதற்கு நல்ல மருந்து கிடையாது. காற்று, ஓய்வு, உணவு இவைதான் சிகிச்சை.

மருந்துகள் வந்த பிறகு 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். அங்கே நகரத்து ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும், மற்றவர்களுக்கு அவரவர் வீட்டிலும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கமான குடிசையும் குறைந்த உணவும்தான். ஆனாலும் வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்ததால் குடும்பத்தாருக்குத் தொற்று அதிகமாகவும் இல்லை. 1959-ல் வெளியான இந்த முடிவைப் பார்த்து உலக நாடுகள் தங்கள் சிகிச்சை முறையையே மாற்றின.

இதில் நமக்குப் பாடம் என்ன? நோயாளியை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. மருந்து ஒழுங்காக உள்ளே போகிறதா என்பதுதான் முக்கியம். அதைப் பார்த்துக்கொள்ள மனைவியையோ கணவனையோ விட நல்ல ஆள் கிடையாது. மாத்திரை சாப்பிட்டதும் காலண்டரில் ஒரு கோடு போடுங்கள். அந்தக் காலண்டர் உங்களுக்குச் சாட்சி.

சம்பளம் நின்றால் அடுப்பு எப்படி எரியும்? இ.எஸ்.ஐ. தரும் உதவி

நம் நாட்டில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தை, அதாவது இ.எஸ்.ஐ.யை, 1952-ல் தொடங்கினார்கள். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் மாதம் ரூ.21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்கள் இதில் வருவார்கள். கான்ட்ராக்டர் மூலம் வேலை செய்கிறவரும் இதில் சேர்த்திதான். "நீ கான்ட்ராக்ட் ஆளு, உனக்கு ஒண்ணும் கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்பி விடாதீர்கள். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். தொழிலாளி பங்கு நூற்றுக்கு 75 காசு, முதலாளி பங்கு நூற்றுக்கு ரூ.3.25. இந்த விகிதம் 2019 ஜூலையில் வந்தது.

இ.எஸ்.ஐ.யில் சேர்ந்த நாள் முதல் உங்களுக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு. பணமாகக் கிடைக்கும் உதவி இரண்டு வகை.

1. நோய்க்கால உதவி: ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால், அதற்கு உரிய ஆறு மாத பலன் காலத்தில் இது கிடைக்கும். சராசரி தினக்கூலியில் 70 சதவீதம். ஆண்டுக்கு 91 நாள் வரை. பொதுவாக முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது.

2. நீட்டித்த நோய்க்கால உதவி: காசநோய், புற்றுநோய் முதலான 34 நீண்ட நோய்களுக்கு உரியது. இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்து, நான்கு பங்களிப்புக் காலங்களில் 156 நாளுக்குக் குறையாமல் சந்தா கட்டியவருக்கு, முதல் 91 நாள் முடிந்த பிறகும் தினக்கூலியில் 80 சதவீதம் கிடைக்கும். டாக்டர் தேவை என்று சொன்னால் மொத்தம் இரண்டு ஆண்டு வரை நீட்டிக்கலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தினக்கூலி ரூ.500 என்றால் முதல் கட்டத்தில் நாளுக்கு ரூ.350, அடுத்த கட்டத்தில் நாளுக்கு ரூ.400. முழுச் சம்பளம் இல்லைதான். ஆனால் கந்துவட்டிக்குப் போகாமல் அரிசி பருப்பு வாங்க இது போதும்.

அதோடு, காசநோய் மருந்து சாப்பிடும் எல்லோருக்கும் ஊட்டச்சத்துக்காக மாதம் ரூ.1,000 வங்கிக் கணக்கில் வரும். நிக்ஷய் போஷண் என்ற இந்தத் திட்டம் 2018-ல் மாதம் ரூ.500 என்று தொடங்கியது. 2024 நவம்பரில் ரூ.1,000 ஆனது. முட்டை, கடலை, பயறு, பால் வாங்க வந்த பணம் அது. வேறு செலவுக்கு எடுக்காதீர்கள்.

சீட்டு ஒழுங்கு

கம்பெனி நெருக்கும்போது வாய் வார்த்தை நிற்காது, காகிதம்தான் நிற்கும். எனவே கீழ்க்கண்டவற்றைக் கவனமாகச் செய்யுங்கள்.

• நோய் கண்டது அரசு மருத்துவமனையிலோ தனியார் டாக்டரிடமோ இருக்கலாம். மருந்தையும் அங்கேயே வாங்கலாம். ஆனால் அந்த ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு உடனே உங்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போங்கள். அங்குள்ள டாக்டர் கொடுக்கும் சான்றுதான் லீவுக்கும் பணத்துக்கும் ஆதாரம். பெரிய பரிசோதனை தேவைப்பட்டால் அயனாவரம், கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளுக்கு அங்கிருந்தே எழுதித் தருவார்கள்.

• முதல் சான்று, இடையில் தொடர் சான்று, கடைசியில் வேலைக்குத் தகுதியானவர் என்ற சான்று. இவற்றில் நடுவே ஒரு நாள் கூட இடைவெளி விழக்கூடாது. தொடர் சான்று வாங்க வேண்டிய தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

• ஒவ்வொரு சான்றையும் கம்பெனியில் கொடுக்குமுன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது ஜெராக்ஸ் எடுங்கள். டைம் ஆபீசில் கொடுத்தால் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் பதிவு செய்து அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதை அழிக்காதீர்கள்.

• லீவில் இருந்து உதவிப்பணம் வாங்கும் நாட்களில் எந்த வேலையும் செய்யக்கூடாது. "அரை நாள் வந்து மெஷினை மட்டும் ஓட்டிக் கொடுத்துட்டுப் போ" என்று கூப்பிட்டால் போகாதீர்கள். பணமும் போகும், பொய்ச் சான்று வாங்கினார் என்ற பெயரும் வரும். வெளியூர் போக வேண்டியிருந்தால் இ.எஸ்.ஐ. டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

நெருக்கடி வரும் விதங்களும் பதில் சொல்லும் முறையும்

*போனில் மிரட்டல்.* கோபப்படாதீர்கள், அழவும் வேண்டாம். நோயாளி களைப்பாக இருந்தால் மனைவியே பேசலாம். இப்படிச் சொன்னால் போதும்: "சார், அவருக்கு டாக்டர் இந்த மாசம் இருபதாம் தேதி வரைக்கும் சீட்டு கொடுத்திருக்காரு. போன திங்கட்கிழமையே டைம் ஆபீசுல கொடுத்தாச்சு. கையெழுத்து வாங்கி வெச்சிருக்கோம். டாக்டர் பிட்னெஸ் கொடுத்த மறுநாளே வந்துடுவாரு சார்." பேசி முடித்ததும் யார் பேசினார், எந்தத் தேதி, என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

*ராஜினாமாக் கடிதம் கேட்பது.* "இப்ப எழுதிக் கொடுத்துடு, குணமானதும் மறுபடி சேத்துக்கிறோம்" என்பார்கள். இனிமையாகத்தான் சொல்வார்கள். கையெழுத்துப் போட்டால் நீங்களாகவே வேலையை விட்டதாக ஆகும். பழைய சர்வீஸ் போகும், பணிக்கொடைக் கணக்கும் அறுந்துபோகும். வெற்றுத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டில கலந்து பேசிச் சொல்றேன் சார்" என்று எழுந்து வந்துவிடுங்கள்.

*"வரவில்லை, பெயரை நீக்கிவிட்டோம்" என்ற கடிதம்.* தபால்காரர் கொண்டுவரும் கடிதத்தைத் திருப்பி அனுப்பாதீர்கள். வாங்குங்கள், படியுங்கள், உறையோடு பத்திரப்படுத்துங்கள், ஒரு வாரத்துக்குள் பதில் எழுதுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் நின்றவர் வேறு, சான்றோடு லீவில் இருப்பவர் வேறு. உங்கள் பதில்தான் அந்த வித்தியாசத்தைக் காட்டும்.

*நோயைச் சொல்லி ஒதுக்குவது.* "அவனுக்கு டி.பி.யாம், உள்ளே விடாதே" என்று பேசுவார்கள். எல்லோருக்கும் உங்கள் நோயை விளக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. டாக்டரின் தகுதிச் சான்று இருந்தால் அதுவே பதில். பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களுக்கு இருமல் இருந்தால் சோதித்துக்கொள்ளச் சொல்வது மட்டும் நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதலாளி எல்லோரும் ஈவு இரக்கம் இல்லாதவர்கள் அல்ல. பதினைந்து பேரை வைத்துப் பட்டறை நடத்துபவருக்கும் ஆர்டர், வங்கிக் கடன் என்று தலைவலிகள் உண்டு. பல சமயம் அவருக்குக் கோபம் வருவது, ஆள் எப்போது வருவான் என்று தெரியாததால்தான். ஆகவே நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். "இன்னும் ஆறு வாரம் ஆகலாம்னு டாக்டர் சொல்றாரு" என்று மாதம் ஒருமுறை தகவல் கொடுத்தால் பாதிச் சண்டை வராமலே போகும்.

சட்டம் யார் பக்கம்?

1948-ம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ம் பிரிவு ஒரு நல்ல நெறியை வகுத்தது. நோய்க்கால உதவி பெறும் நாட்களிலும், முறைப்படி சான்று பெற்று நோயால் வராமல் இருக்கும் நாட்களிலும் தொழிலாளியை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்றது. அந்த நாட்களில் கொடுத்த நீக்க நோட்டீசும் செல்லாது என்றது.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்கள் பலவற்றின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. இ.எஸ்.ஐ. இப்போது 2020-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் கீழ் வருகிறது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. ஆகவே கடிதத்தில் நீங்களாக எந்தப் பிரிவு எண்ணையும் எழுத வேண்டாம். சான்றின் தேதியையும் எத்தனை நாள் என்பதையும் எழுதுங்கள். சட்டத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் அதற்குரியவர்கள் சொல்லட்டும்.

யாரிடம் போவது? உதவிப்பணம் பற்றி இ.எஸ்.ஐ. கிளை அலுவலகம். வேலை நீக்கம் பற்றி உங்கள் தொழிற்சங்கம், அல்லது தொழிலாளர் துறை அலுவலகம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்கும் அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு. போன் எண் 15100.

மாதிரிக் கடிதம்

ஐயா,

நான் தங்கள் நிறுவனத்தில் ______ பிரிவில் ______ வருடமாக வேலை செய்கிறேன். என் எண் ______. உடல்நலக் குறைவால் ______ தேதி முதல் இ.எஸ்.ஐ. மருத்துவரின் சிகிச்சையில் இருக்கிறேன். ______ முதல் ______ வரைக்கான சான்றை ______ தேதியன்று தங்கள் அலுவலகத்தில் கொடுத்துள்ளேன். நகல் இணைத்துள்ளேன். நான் வேலையை விடவில்லை. மருத்துவர் தகுதிச் சான்று கொடுத்தவுடன் வேலைக்கு வருவேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு, ______

இவ்வளவுதான். இதில் திட்டு வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். "நான் வேலையை விடவில்லை" என்ற ஒரு வரிதான் இதற்கு உயிர்.

நோயாளி மனைவியாக இருந்தால்

தையல் கம்பெனிக்குப் போகும் பெண்ணுக்கும் இதே உரிமைகள்தான். ஆனால் அவளுக்கு நெருக்கடி இரண்டு பக்கம் வரும். கம்பெனி ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். "லீவுலதானே இருக்கே" என்று தண்ணீர் தூக்குவதும் துணி துவைப்பதும் அவள் தலையில் விழும். லீவு ஓய்வுக்காகக் கொடுத்தது. அந்த மாதங்களில் குடத்தைக் கணவர் தூக்கினால் ஒன்றும் குறைந்துவிடாது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கமும் இந்த நோய்க்கு ஆகாது. முட்டையும் பயறும் முதலில் அவளுக்கு.

"நோய்க்காரி" என்று தாய் வீட்டுக்கு அனுப்பிவிடுவது சிலர் வழக்கம். அப்படி ஊர் மாறும்போதுதான் மருந்து விட்டுப் போகிறது. போகத்தான் வேண்டும் என்றால் சுகாதார நிலையத்தில் சொல்லி, போகும் ஊரில் மருந்து கிடைக்க ஏற்பாடு செய்துகொண்டு போங்கள்.

தம்பதிகள் தெரிந்திருக்க வேண்டிய குடும்ப நலச் செய்திகள்

காசநோய் மருந்துகளில் ரிபாம்பிசின் என்று ஒன்று உண்டு. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது இதனால்தான், பயப்பட வேண்டாம். ஆனால் இந்த மருந்து கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். மாத்திரையை நம்பி இருக்கும் தம்பதிகள் சிகிச்சை முடியும் வரை ஆணுறையோ காப்பர்-டியோ பயன்படுத்துவது நல்லது. கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

மருந்து முடியும் வரை கர்ப்பத்தைத் தள்ளிப் போடுவது தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது. ஏற்கெனவே கர்ப்பமாக இருந்தால் மருந்தை நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் கர்ப்பம் என்று சொல்லுங்கள், அதற்கேற்ற மருந்து தருவார். தாய்ப்பால் கொடுக்கலாம். கொடுக்கும்போது தாய் வாயை மூடிக்கொண்டால் போதும்.

வீட்டில் உள்ள எல்லோரும், முக்கியமாக ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், சோதித்துக்கொள்ள வேண்டும். நோய் இல்லை என்று தெரிந்த பிறகு வராமல் தடுக்கும் மருந்து தருவார்கள்.

கண் பார்வை மங்குதல், கண் மஞ்சளாதல், ஓயாத வாந்தி, கால் மரத்துப்போதல் இவை இருந்தால் அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். மருந்து நாட்களில் சாராயம் அறவே கூடாது. ஈரல் கெடும்.

மிகவும் மெலிந்துபோய், கால் வீங்கி, மூச்சு வாங்கி, பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாதவரை வீட்டில் வைத்திருக்கவே கூடாது. உடனே மருத்துவமனையில் சேருங்கள். இப்படிப்பட்டவர்களை முதல் நாளிலேயே கண்டுபிடித்துக் காப்பாற்ற 2022-ல் தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கியது. அதற்குத் துணை நின்ற தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் நம் அம்பத்தூர்ப் பக்கம் அயப்பாக்கத்தில்தான் இருக்கிறது.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்கள்

செங்கல் சூளை, கட்டட வேலை, வயல் வேலை, வீட்டு வேலை செய்கிறவர்களில் பலருக்கு இ.எஸ்.ஐ. இருக்காது. ஆனால் இலவச மருந்தும் மாதம் ரூ.1,000 ஊட்டச்சத்துத் தொகையும் அவர்களுக்கும் உண்டு. அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் உறுப்பினராகப் பதிந்தவர்கள் வாரிய உதவிகளைக் கேட்கலாம். விவசாயிகளும் விவசாயக் கூலிகளும் உழவர் பாதுகாப்புத் திட்டத்தின் உதவி பற்றி வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். ஆவடியின் மத்திய அரசுத் தொழிற்சாலைகளில் நிரந்தர வேலையில் இருப்பவர்களுக்குத் தனி விடுப்பு விதிகள் உண்டு. அவர்கள் தங்கள் அலுவலகத்திலேயே எழுதிக் கேட்க வேண்டும்.

வேலைக்குத் திரும்பும்போது

தகுதிச் சான்றோடு போங்கள். அதன் நகலிலும் கையெழுத்து வாங்குங்கள். முதல் சில வாரம் இரவு ஷிப்ட், ஓவர்டைம், பாரம் தூக்குதல் வேண்டாம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கலாம். வார்ப்பட ஆலையிலும் சாணை பிடிக்கும் இடத்திலும் மண் தூசி நுரையீரலுக்குப் பகை. வேறு பிரிவுக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மாத்திரையைக் காலையில் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மறு பரிசோதனைத் தேதியை ஷிப்டுக்காகத் தள்ளிப் போடாதீர்கள்.

நினைவில் வையுங்கள்

1. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? சளிப் பரிசோதனை செய்யுங்கள்.
2. உடம்பு தேறினாலும் மருந்தைக் கடைசி நாள் வரை சாப்பிடுங்கள்.
3. சான்றில் ஒரு நாள் கூட இடைவெளி விடாதீர்கள். நகல் வையுங்கள்.
4. லீவு நாளில் அரை நாள் வேலைக்கும் போகாதீர்கள்.
5. ராஜினாமாவிலும் வெற்றுத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.
6. வந்த கடிதத்தை வாங்குங்கள், பதில் எழுதுங்கள்.
7. சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் சுகாதாரப் பணியாளரைக் கேளுங்கள். காசநோய் உதவி எண் 1800-11-6666. கட்டணம் இல்லை.

ஆறு மாதம் பெரிய காலம் போலத் தெரியும். ஒரு போக நெல்லுக்கும் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். பயிரைப் பாதியில் விட்டுவிட்டு யாரும் களத்துமேட்டுக்குப் போவதில்லை. உடம்பையும் பாதியில் விடாதீர்கள். ஒருவர் சோர்ந்தால் மற்றவர் தாங்கிப் பிடியுங்கள்.

இந்த வெளியீட்டைப் படித்த பிறகு பக்கத்து வீட்டுத் தம்பதிகளுக்கும் கொடுங்கள்.